பெரும்பாடும் கருப்பையின் தசைச்சுவரும்

பெரும்பாடு என்பது தமிழ் வைத்திய நூல்களில் வழங்கும் பழஞ்சொல். மாதந்தோறும் பெண்ணுக்கு நிகழும் உதிரப்போக்கு அளவிறந்து போதலை அது குறிக்கும். இந்நோய்க்குப் பெயரிட்டவர் எவராயினும், அதனாற் பெண் படும் பாட்டையும் அறிந்தே இட்டார் போலும். யாழ்ப்பாணத்திலே தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வந்த பரராசசேகரம் என்னும் வைத்தியத் தொகுதியில் கருப்ப நோய்களுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. ஏட்டுச் சுவடிகளாய்க் கிடந்த அத்தொகுதியை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றி உதவியவர், சுன்னாகத்துக்கு அயலூராகிய ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை. ஆகவே இப்பகுதியார்க்கு இந்நோய் புதிதன்று. அதன் பெயரும் புதிதன்று. அந்நோய்க்குக் காரணமாகக்கூடிய ஒரு நிலை கருப்பையின் சுவருக்குள்ளேயே ஒளிந்திருப்பது என்பதுதான் பிற்காலத்தில் அறியப்பட்ட செய்தி.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அதனை ஊரறியச் செய்வர். நீராட்டி, உற்றார் உறவினரை அழைத்து, சாமத்தியச் சடங்கு நடத்துவர். உழுத்தம்மாக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுவர். அந்த விழா முடிந்த பின்னரோ அப்பொருள்பற்றி வீட்டில் எவரும் வாய்திறப்பதில்லை. மாதந்தோறும் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாமற் கிடக்கும் மகளைப் பார்த்து, "பொம்பிளையெண்டால் இதெல்லாம் பொறுக்கத்தானே வேணும், பிள்ளை" என்று தாய் சொல்வாள். தாய்க்கும் அவளுடைய தாய் அவ்வாறே சொல்லியிருப்பாள். சுன்னாகச் சந்தைக்கு விடியுமுன் மரக்கறி கொண்டுவரும் பெண்ணும், பாடசாலையில் நாள்முழுதும் நின்று கற்பிக்கும் ஆசிரியையும் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டவர்களே. அடிவயிற்று வலியையும் நாரி உளைவையும் மிகுந்த இரத்தப்போக்கையும் இயற்கையென்று எண்ணி அவர்கள் பல்லாண்டு கழித்துவிடுகின்றனர். அவர்களுட் சிலருக்கேனும் உள்ளது இயற்கையன்று. அடினோமயோசிஸ் என்னும் நிலை அது.

அடினோமயோசிஸ் என்றால் யாது? கருப்பையின் உள்ளே இருக்கவேண்டிய இழையம், கருப்பையின் தசைக்குள்ளே இருத்தல். இவ்வளவே அதன் பொருள். கிரேக்க மொழியில் 'அடின்' என்பது சுரப்பியையும் 'மயோ' என்பது தசையையும் குறிக்கும். தசையினுட் சுரப்பி என்பதே பெயரின் கருத்து. இது புற்றுநோயன்று. வெளியிலிருந்து வந்த கிருமியாலும் உண்டாவதன்று. உடம்பின் சொந்தப் பொருளே தனக்குரிய இடம் விட்டு வேறோர் இடத்தில் இருந்துகொண்டு, தன் பழைய தொழிலைத் தவறாமற் செய்துவருதலே இதிலுள்ள கேடு.

இதனை விளங்கிக்கொள்ளக் கருப்பையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கருவுறாத காலத்திற் கருப்பை ஏறக்குறைய ஏழரைச் சதமமீற்றர் நீளமுள்ளது; கவிழ்த்த பேரிக்காய் போன்ற வடிவுடையது. அதன் சுவரின் பெரும்பகுதி திண்ணிய தசை. அத்தசையின் உட்புறத்தே அகவணி என்னும் மெல்லிய போர்வை உண்டு. அகவணியில் இரண்டு படைகள் காணப்படும். மேற்படை மாதந்தோறும் வளர்ந்து தடித்து, கரு வந்து தங்காவிடின் உதிரத்துடன் கழிந்துபோகும். அடிப்படையோ கழிவதில்லை. அதிலிருந்தே அடுத்த மாதத்துக்குரிய மேற்படை மீண்டும் முளைத்தெழும். வாழைத்தாரை வெட்டியபின்னும் கிழங்கு நிலத்திலிருந்து மறுகுட்டி ஈனுவதுபோல என்க.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. குடல் முதலிய உறுப்புகளில் உட்போர்வைக்கும் தசைக்குமிடையே மற்றொரு படை இருந்து இரண்டையும் பிரித்துவைக்கும். கருப்பையில் அத்தகைய படை இல்லை. அகவணியின் அடிப்படை நேரே தசையின்மேற் கிடக்கின்றது. சுன்னாகப் பகுதியிற் கிணறு வெட்டுவோர்க்கு இத்தகைய அமைப்பு நன்கு தெரிந்ததே. மேலே செம்பாட்டு மண். கீழே வெண்மையான சுண்ணக்கல். இரண்டுக்குமிடையே வேறு படை கிடையாது. கல்லில் வெடிப்பும் பொந்தும் உள்ளவிடமெங்கும் செம்மண் நாக்குப்போலக் கீழிறங்கித் தங்கியிருக்கும். அடினோமயோசிஸ் கண்ட கருப்பையை வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாற் காணப்படுவதும் இதுபோன்ற தோற்றமே. தசைநார்களுக்கிடையே அகவணியின் சுரப்பிகள் தீவு தீவாக இறங்கிக் கிடக்கும். ஆயின் மண் உயிரற்றது. கல்லின் பொந்தில் ஆயிரமாண்டு கிடந்தாலும் கல்லுக்குத் தீங்கு செய்யாது. அகவணி உயிருள்ளது. அது தங்கிய இடத்தில் ஓமோன்களின் கட்டளையைக் கேட்டு வளர்கின்றது. சிலபோது அங்கேயே குருதி கசிகின்றது.

இந்த நிலையை முதன்முதல் விவரித்தவர் வியன்னா நகரத்து நோய்க்கூற்று அறிஞராகிய கார்ல் வொன் ரொக்கிதான்ஸ்கி, ஆண்டு 1860. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1857இல், சுன்னாகத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயிலே பிள்ளைப்பேற்று மருத்துவம்பற்றிய மேனாட்டு நூலொன்று தமிழுருப் பெற்றுவிட்டது. அதனைச் செய்வித்தவர் அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன். கருப்பையின் அமைப்பைத் தமிழிலேயே கற்ற வைத்திய மாணவர் இப்பகுதியில் அக்காலத்திலேயே இருந்தனர் என்பது இன்று பலர் மறந்த செய்தி.

ரொக்கிதான்ஸ்கி கண்டதற்குக் காரணம் கூறப் புகுந்தோர் விரைவில் இரு கட்சியாகப் பிரிந்தனர். 1896இல் ஜேர்மனிய அறிஞர் பிரீட்ரிக் வொன் ரெக்கிளிங்ஹவுசன், இச்சுரப்பிகள் முளையப் பருவத்தில் எஞ்சிநின்ற குழாய்த் துணுக்குகளிலிருந்து தோன்றியவை என்றார். பிறப்புக்கு முன்பே விதைக்கப்பட்டவை என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் பல்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த தோமஸ் கலன் இதனை ஏற்கவில்லை. அவர் கருப்பைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். தசைக்குள்ளே தீவாகத் தோன்றிய சுரப்பியைப் பல சீவல்களிற் பின்தொடர்ந்து சென்றபோது, அது மேலேயுள்ள அகவணியுடன் தொடர்புடையதாய் இருத்தலைக் கண்டார். 1908இல் வெளியான தம் நூலில் இதனை அவர் விரிவாக நிறுவினார். அகவணி மேலிருந்து கீழே இறங்கியது என்பது அவர் முடிவு. அடினோமயோசிஸ் என்னும் பெயரை 1925இல் இட்டவர் வியன்னாவைச் சேர்ந்த ஒஸ்கார் பிராங்கிள்.

கலன் வென்றார் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இன்றும் பெரும்பாலோர் முதலிற் கூறும் விளக்கம் அவருடையதே. அகவணியின் அடிப்படை ஏன் கீழிறங்குகின்றது என்பதற்குப் பின்வந்தோர் கூறிய காரணம் காயமும் அதன் ஆற்றுகையுமாகும். மகப்பேற்றின்போது நச்சுக்கொடி கருப்பைச் சுவரிற் பதிந்து வளர்கின்றது. அப்போது அகவணிக்கும் தசைக்குமுள்ள எல்லை குலைதல் இயல்பு. கருச்சிதைவுக்குப்பின் கருப்பையைச் சுரண்டித் துப்புரவு செய்யும் சிகிச்சையும் அவ்வெல்லையைப் புண்படுத்தக்கூடும். இவை யாதும் நிகழாவிடினும், கருப்பையின் உட்புறத் தசை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. மெல்லிய அலைபோல அது சுருங்கி விரிந்தவண்ணமே இருக்கும். அச்சுருக்கம் அளவுமீறின் எல்லையில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. உடம்பு அக்கிழிவை ஆற்ற முனையும்போது அவ்விடத்தில் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் சுரக்கின்றது. ஈஸ்திரோஜனோ தசையை மேலும் சுருங்கத் தூண்டுகின்றது. அகவணிக் கலங்களையும் வளரச் செய்கின்றது. மேலும் சுருங்க மேலும் கிழிகின்றது. கிழிந்த வழியே அடிப்படையின் கலங்கள் உள்நுழைகின்றன. மருந்து தேடிய இடத்திலேயே நோய் வளரும் விந்தை இது. கருப்பையின் உட்தசையும் அகவணியும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை என்பதும், வெளித்தசையின் பிறப்பு வேறு என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. எல்லை என்று கூறப்படுவது உண்மையில் இரு உடன்பிறப்புகள் ஒரே வளவில் வேலியின்றி இருத்தலை ஒக்கும்.

இவ்விளக்கம் பல பிள்ளை பெற்ற பெண்களுக்கு நன்கு பொருந்துகின்றது. பிள்ளையே பெறாத பெண்ணுக்கு, அதிலும் மணமாகாத இளம்பெண்ணுக்கு இந்நோய் காணப்படின் எவ்வாறு பொருந்தும்? அங்கேதான் ரெக்கிளிங்ஹவுசன் ஆரம்பித்த பழைய கட்சி வேறு உருவில் மீண்டும் எழுகின்றது.

பெண்ணின் கருப்பை எவ்வாறு உண்டாகின்றது என்பதை நோக்குவோம். தாயின் வயிற்றில் முளையம் ஆறுவார அளவில் இருக்கும்போது அதனுள்ளே இருபுறமும் இரண்டு நுண்ணிய குழாய்கள் தோன்றுகின்றன. அவற்றை ஆராய்ந்து கூறிய ஜேர்மனிய அறிஞர் பெயரால் அவை முல்லர் குழாய்கள் எனப்படும். ஆண் முளையத்தில் விதைகள் சுரக்கும் ஓமோன் ஒன்றினால் அவை தேய்ந்து மறைகின்றன. பெண் முளையத்தில் அவை கீழ்நோக்கி வளர்ந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, இணைந்து ஒன்றாகின்றன. இணைந்த பகுதி கருப்பையாகின்றது. இணையாத மேற்பகுதிகள் சூலகத்தை நோக்கிச் செல்லும் குழாய்களாகின்றன. இணைந்தவிடத்து நடுவில் நிற்கும் சுவர் பின்னர் கரைந்துபோகும். இந்த வேலையில் எங்கேனும் பிழை நேரின் இரட்டைக் கருப்பை, கொம்புபோற் பிளவுற்ற கருப்பை, நடுச்சுவர் கரையாத கருப்பை என்பன உண்டாகின்றன. இவை கண்ணாற் காணக்கூடிய பிழைகள். கண்ணாற் காணமுடியாத சிறு பிழையும் நேரலாம். முல்லர் குழாயைச் சேர்ந்த சில கலங்கள், இன்னும் எவ்வுருவும் கொள்ளாத இளங்கலங்களாகவே, வளரும் தசைக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்ளலாம். பிள்ளை பிறந்து, வளர்ந்து, பெரியபிள்ளையாகி, சூலகம் ஓமோன் சுரக்கத் தொடங்கும்வரை அவை உறங்கிக் கிடக்கும். அதன்பின் அவ்வோமோனின் தூண்டுதலால் அவை அகவணி இழையமாக மாறக்கூடும் என்பது இவ்விளக்கம். இங்கே அகவணி மேலிருந்து இறங்கவில்லை. தசைக்குள்ளேயே பிறந்துவிட்டது.

இதற்குச் சான்று உண்டோ எனின், அரிதாயினும் உண்டு. சில பெண்கள் பிறக்கும்போதே முழுமையான கருப்பை இல்லாமற் பிறக்கின்றனர். முல்லர் குழாய்கள் செவ்வையாக வளராமையால், கருப்பை இருக்கவேண்டிய இடத்திற் சிறு தசைக்கட்டிகள் மாத்திரமே அவர்களுக்கு இருக்கும். செயற்படும் அகவணி அவர்களுட் பலருக்கு இல்லை, மாதவிலக்கும் வருவதில்லை. அத்தகைய சில பெண்களின் தசைக்கட்டியினுள்ளும் அடினோமயோசிஸ் காணப்பட்டதாக வைத்தியர் பதிந்துள்ளனர். மேலே மண்ணே இல்லாதபோது கல்லின் பொந்தில் மண் எங்கிருந்து வந்தது? முளையப் பருவத்தில் எஞ்சிய கலங்கள் என்பதைத் தவிர இதற்கு எளிதில் விடை கிடையாது. இப்பிறவிக் குறையை 1838இல் விவரித்தவர்களுள் ஒருவரும் ரொக்கிதான்ஸ்கியே. இன்றும் அது அவர் பெயரையும் சேர்த்தே வழங்கப்படுகின்றது. ஒரு நோயையும் அந்நோய்க்குச் சான்றாகப் பின்னர் உதவிய பிறவிக்குறையையும் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஒருவரே கண்டார்; இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆய்வுகூடத்துச் சுண்டெலிகளும் ஒரு செய்தி தருகின்றன. சுண்டெலிக் குஞ்சின் கருப்பை பிறந்தபின்னும் சில நாட்களுக்கு உருவாகிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் ஈஸ்திரோஜனின் வேலையைக் குழப்பும் தமொக்சிபன் என்னும் மருந்தை அக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவை வளர்ந்தபின், கருப்பையின் உட்தசை ஒழுங்காக அமையாமல், அகவணி தசைக்குள்ளே பரந்து கிடந்தது. சுண்டெலியிற் கண்டதை அப்படியே பெண்ணுக்கு ஏற்றிக் கூறுதல் தகாது. எனினும் உறுப்பு உருவாகும் பருவத்தில் ஏற்படும் சிறு குழப்பம் பல காலம் கழித்து நோயாக வெளிப்படலாம் என்பதை மறுக்க இடமில்லை.

2019இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. தசைக்குள்ளே கிடந்த அகவணிக் கலங்களிற் சிலவற்றில் கே-ராஸ் என்னும் மரபணு மாறியிருந்தது. அதே பெண்ணின் கருப்பையில், தன் இடத்திலேயே இருந்த அகவணியின் ஒரு பகுதியிலும் அதே மாற்றம் காணப்பட்டது. இரண்டும் ஒரு தாய்க் கலத்தின் வழிவந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆகவே கலனின் கட்சியும் வீழ்ந்துவிடவில்லை. ஒரே பெயரால் வழங்கும் இந்நோய் ஒருவேளை இருவழியாகவும் வருவது என்று கொள்ளுதலே நேர்மையான முடிவு. சிலருக்கு மேலிருந்து இறங்குகின்றது. சிலருக்கு உள்ளிருந்தே முளைக்கின்றது.

எவ்வழியில் வந்தாலும் வந்தபின் நிகழ்வது ஒன்றே. அயலார் புகுந்த இடத்திலே தசை அமைதியாய் இருப்பதில்லை. சுற்றிலும் தடித்து வளர்கின்றது. கருப்பை உருண்டு பருத்து, இரண்டு மூன்று மாதக் கருவைத் தாங்கிய அளவுக்கு வளர்வதும் உண்டு. மாதவிலக்குக் காலத்தில் உள்ளே கிடக்கும் இழையமும் வீங்குகின்றது, வெளியேற வழியில்லை. புரொஸ்தகிளாந்தின் முதலிய பொருள்கள் மிகுதியாகச் சுரந்து தசையை முறுக்குகின்றன. இதுவே வலி. வழக்கமாக இரத்தக் குழாய்களை நெருக்கி உதிரத்தை நிறுத்துவது தசையின் சுருக்கம். நோய்ப்பட்ட தசைக்கு அது செவ்வனே இயல்வதில்லை. பருத்த கருப்பையில் உதிரம் கழியும் பரப்பும் கூடுதல். இதுவே பெரும்பாடு. நாளடைவில் இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகை உண்டாகின்றது. படியேறும்போது மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு என்பவற்றுக்கு வேலைக்களைப்பைக் காரணம் கூறும் பெண்கள் பலர். கருத்தரிக்கத் தாமதமாதலும், கரு நிலையாமற் சிதைதலும், குறைமாதப் பிரசவமும் இந்நோயுடையோரிடத்து மிகுதியாகக் காணப்படுகின்றன. மாறாக, இந்நோயிருந்தும் ஒரு துன்பமும் அறியாதோரும் உளர். ஏறக்குறைய மூன்றிலொருவர் அத்தகையோர் என்பர்.

பைப்ரோயிட் எனப்படும் தசைக்கட்டியும் கருப்பையைப் பருக்கச் செய்யும், உதிரத்தையும் பெருக்கும். இரண்டையும் ஒன்றென மயங்குதல் பொதுமக்களிடத்து மிகுதி. பைப்ரோயிட்டுக்கு எல்லையுண்டு. பலாச்சுளையைப் பிதுக்கிக் கொட்டையை எடுப்பதுபோலச் சத்திரவைத்தியர் அதனைத் தனியே எடுத்துவிடலாம். அடினோமயோசிஸ் பெரும்பாலும் மாவிற் கலந்த உப்புப் போன்றது; இன்னவிடத்தில் தொடங்கி இன்னவிடத்தில் முடிகின்றது என்று கத்தி வைக்க முடியாது. சிலரிடத்து மாத்திரம் அது ஓரிடத்திலே திரண்டு கட்டிபோல நிற்கும். அப்போதும் நல்ல தசையையும் சேர்த்தே வெட்டவேண்டியதாகும்.

இந்நோய்பற்றி நெடுங்காலம் நிலவிய ஒரு தப்பெண்ணத்தை இங்கே எடுத்துக்காட்டுதல் வேண்டும். பாடநூல்கள் இதனை நாற்பது வயது கடந்த, பல பிள்ளை பெற்ற பெண்களின் நோய் என்றே கூறிவந்தன. அவ்வாறு கூறியதற்கு அடிப்படை யாது? இந்நோயை உறுதிசெய்ய அக்காலத்தில் ஒரே வழிதான் இருந்தது: கருப்பையை அகற்றி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தல். கருப்பையை அகற்ற உடன்படுவோர் யார்? பிள்ளைபெற்று முடித்த, நாற்பதை அணுகிய தாய்மாரே. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கருப்பையை எவரும் அகற்றுவதில்லை. ஆதலின் அவளுடைய நோயை எவரும் காணவுமில்லை. நோய் அங்கே இல்லை என்று முடிவுசெய்தனர். விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில் மாத்திரம் தேடியதன் விளைவு இது. இதனால் துன்புற்றோர் இளம்பெண்கள். அவர்களுடைய வலிக்குக் காரணம் மனம் என்றும், சோம்பல் என்றும், கலியாணஞ் செய்தால் மாறிவிடும் என்றும் சொல்லப்பட்டது.

சுன்னாகத்துக்குத் தெற்கே மருதனார்மடத்தைக் கடந்தால் வருவது இணுவில். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களுக்கெனத் தனியே மக்லியட் வைத்தியசாலை நிறுவப்பட்டது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பெண் வைத்தியர் இசபெல்லா கர் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். ஆண் வைத்தியரிடம் வாய்திறக்க மாட்டாத பெண்களுக்காகவே அத்தகைய நிலையங்கள் வேண்டப்பட்டன. அந்நாளில் எத்துணைத் திறமையுள்ள வைத்தியரும் கையாற் பரிசோதித்துக் கருப்பை பருத்திருக்கின்றது என்று கூறலாமேயன்றி, உள்ளே யாதுளது என்று கூற வழியிருக்கவில்லை.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஒலியலைகளால் உட்புறத்தைக் காட்டும் ஸ்கான் கருவியும், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படமும் கருப்பையை அகற்றாமலே தசைச்சுவரைப் பார்க்க உதவுகின்றன. சுவரின் முன்பக்கமோ பின்பக்கமோ சமனின்றித் தடித்திருத்தல், தசைக்குள்ளே நுண்ணிய நீர்க்குமிழ்கள் தோன்றல், அகவணியின் எல்லைக்கோடு கலங்கியிருத்தல் என்பன அடையாளங்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் எல்லைப்பகுதியின் தடிப்பு 12 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருப்பின் நோய் உண்டெனப் பெரும்பாலும் கொள்வர். ஸ்கான் கருவியை யோனிவழி செலுத்திப் பார்த்தலே தெளிவான படம் தரும். மணமாகாத பெண்களுக்கு அது இங்கே வழக்கமன்று. அவர்களுக்கு வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கலாம். அது போதாவிடின் எம்.ஆர்.ஐ. உண்டு. இக்காரணம்பற்றிப் பெற்றோர் பரிசோதனையையே தவிர்த்தல் வேண்டியதில்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை வயதும் பிள்ளைப்பேறுமே முதலிற் கேட்கப்படும் வினாக்கள். வலிக்கு மெபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளும், உதிரத்தைக் குறைக்க இரனெக்சாமிக் அமிலமும் மாதவிலக்கு நாட்களில் மாத்திரம் கொடுக்கப்படுவன. குருதிச்சோகைக்கு இரும்புச்சத்து வேண்டும்; முருங்கையிலையும் அகத்தியும் நல்லன, ஆயினும் ஏற்கெனவே குருதி குன்றியவளுக்கு அவை மாத்திரம் போதா. அடுத்த படியாக ஓமோன் மருந்துகள். இவற்றுள் லெவோநோஜெஸ்திரல் என்னும் ஓமோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் லூப் குறிப்பிடத்தக்கது. ஒருமுறை கருப்பையினுள் வைத்தாற் சில ஆண்டுகள் பயன்தரும். அகவணியை மெலியச் செய்து உதிரத்தைப் பெரிதும் குறைக்கும். லூப் என்றதும் அது பிள்ளை வேண்டாதோர்க்கு மாத்திரம் உரியதென்றும், வைத்தியர் வேண்டாததை வைக்கின்றார் என்றும் கருதி மறுப்போர் உளர். இங்கே அது கருத்தடைக்காக வைக்கப்படுவதன்று. நோய்க்கு மருந்தாக வைக்கப்படுவது. பிள்ளை வேண்டும்போது எடுத்துவிடலாம். கருப்பைக்குச் செல்லும் குருதிக்குழாயை அடைத்தலும், நோய்ப்பட்ட பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்தலும் சில இடங்களிற் செய்யப்படுகின்றன. பின்னதைச் செய்தபின் கருத்தரித்தாற் கருப்பை கிழியும் அபாயம் உண்டாதலால் தேர்ந்த நிபுணரே அதனைச் செய்தல் தகும்.

கருப்பையை முற்றாக அகற்றுதல் நோயை வேரோடு போக்கும். பிள்ளைபெற்று முடித்து, மற்றை மருந்துகளால் சுகம் காணாத தாய்க்கு அது நல்ல தீர்வே. அதனாற் பெண்மை போய்விடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. சூலகங்களை விட்டுவைத்தால் ஓமோன்கள் முன்போலவே சுரக்கும். எனினும் பிள்ளையில்லாத பெண்ணிடத்து அதனை முதற்படியாகக் கூறுதல் பழங்கால நிலைக்குத் திரும்புவதாகும். அன்று வேறு வழி இருக்கவில்லை; இன்று இருக்கின்றது. நோயின் பெயரை இளமையிலேயே அறிந்த பெண்ணுக்கு எப்போது கருத்தரிக்க முயலலாம், எந்த மருந்தை எதுவரை எடுக்கலாம் என்று நிபுணரோடு ஆலோசிக்க ஆண்டுகள் கையிருப்பில் இருக்கும். நாற்பதில் அறிந்தவளுக்கு அவ்வாண்டுகள் இல்லை. பொறுத்திருந்ததற்குக் கொடுக்கப்படும் விலை வலி மாத்திரமன்று என்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு உதிரம் அளவு மீறியது என்பதை அறிய அளவுகோல் ஏதும் வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு மேல் நீடித்தல், மணிக்கொருமுறை துணியையோ பஞ்சையோ மாற்றவேண்டியிருத்தல், கட்டி கட்டியாகப் படுதல், இரவில் எழுந்து மாற்றவேண்டிவருதல் என்பன போதிய அடையாளங்கள். வலியினால் பாடசாலைக்கோ வேலைக்கோ மாதந்தோறும் போகமுடியாதிருத்தலும் அத்தகையதே. நாட்காட்டியிலே வந்த நாளையும் நின்ற நாளையும் மாற்றிய தடவைகளையும் மூன்று மாதம் குறித்து வைத்துக்கொண்டு சென்றால் வைத்தியருக்கு அரைவேலை முடிந்துவிடும். ஊர்தோறும் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதனைக் கூறலாம். 35 வயதைக் கடந்தோர்க்கு 1996இல் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் உண்டு. மேற்கொண்டு நிபுணரைக் காண அரசாங்க வைத்தியசாலைகளில் மகப்பேற்று, பெண்நோயியற் பிரிவுகள் இலவசமாகவே இயங்குகின்றன.

மாதவிலக்கு முற்றாக நின்றபின் ஓமோன் குறைவதால் தசைக்குள் இருக்கும் இழையம் மெலிந்து, நோய் தானாகவே தணியும். ஐம்பதை அணுகிய பெண்ணுக்குச் சிலவேளை வைத்தியர் மருந்துடன் சிறிது காலம் காத்திருக்கச் சொல்வது இதனாலேயே. ஆனால் மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் உதிரம் காணின், அது சிறிதேயாயினும், அடினோமயோசிஸ் என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. அவ்வுதிரத்துக்குக் காரணம் வேறாயிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். அத்தகைய பெண்ணை அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் கூட்டிச்செல்லுதல் வேண்டும்.